நிழற்குடையில் பதினெட்டுக் குடும்பம்

கணக்கக்காவுக்குக் கணக்கு வராது. இதை அவளே சொல்வாள். காய்கறி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போடுகிறவள். பின்னே எப்படி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்றால், விவசாயப் புள்ளிவிவர அலுவலகத்தில் கணக்கெடுக்கிற வேலை பார்ப்பதால்தான். யார் என்ன பயிர் போட்டிருக்கிறார்கள், எத்தனை மாடு, எத்தனை ஆடு, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, போன அறுவடையில் எத்தனை மூட்டை தேறியது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வரவேண்டும். கூட்டுவதும் பெருக்குவதும் அலுவலகத்துக்குள் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பவர்கள் பாடு. அவள் கேட்கிறவள், அவ்வளவுதான்.

ஆனால் கேட்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. விவசாயியிடம் போய் "எத்தனை மாடு வச்சிருக்கீங்க?" என்று நேராகக் கேட்டால், அவர் முதலில் வானத்தைப் பார்ப்பார். வரி போடப் போகிறார்களோ, மானியத்தை வெட்டப் போகிறார்களோ, மைத்துனன் அனுப்பிய ஆளோ என்று மனசுக்குள் நாலு கணக்குப் போட்டுவிட்டு, இருப்பதில் பாதியைச் சொல்வார். கணக்கக்கா அப்படிக் கேட்கமாட்டாள். யாராவது அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தால் தானும் ஒரு கை அள்ளி உரிப்பாள். கயிறு திரித்துக்கொண்டிருந்தால் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும் என்பது அவள் அனுபவம். அரை மணி நேரத்தில் மாடு வந்துவிடும், மாட்டின் வயது வந்துவிடும், அதை விற்ற சித்தப்பாவின் யோக்கியதையும் சேர்ந்து வந்துவிடும்.

"ஊருல இருக்கற மாட்டையெல்லாம் விசாரிக்கறா. வீட்டுல எத்தனை தட்டு கழுவாமக் கிடக்குன்னு மட்டும் விசாரிக்கவே மாட்டா" என்பது மாமியாரின் தீராத குறை. புருஷன் உருளைக்கிழங்கு வைக்கிற குளிர்கிடங்கில் வேலை பார்ப்பவர். கோடையிலும் ஸ்வெட்டரோடு வீடு திரும்புகிற மனிதர். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாத அளவுக்கு அவருக்குப் புத்தி உண்டு. தட்டுகளை அவரே கழுவிவிடுவார்.

அவள் வேலை நிரந்தரமில்லை. ஒவ்வொரு பருவமும் பட்டியல் போடுவார்கள். பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. தையல் கடையில் காஜா எடுத்தாள், பள்ளிக்கூட விடுதியில் சமையலுக்கு நின்றாள், எதிலும் மனசு ஒட்டவில்லை. இந்த வேலை ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் பாட்டைக் கேட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கலாம் என்பது அவளுக்கு இன்னமும் நம்ப முடியாத அதிர்ஷ்டமாகவே இருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் உட்கார்ந்து பேசும்போது படிவத்தை வெளியே எடுக்கமாட்டாள். பேசி முடித்து, விடைபெற்று, சாலைக்கு வந்து, பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்துதான் பேனாவைத் திறப்பாள். கேட்டதெல்லாம் சூடாக நினைவில் இருக்கும், மளமளவென்று எழுதிவிடுவாள். காகிதப் படிவம் இருந்த காலம் முழுக்க இது யாருக்கும் தெரியாது. தன்னை எங்கே வைத்து எழுதினார்கள் என்று காகிதம் கோள் சொல்லாது.

போன் சொல்லும்.

இந்தப் பருவம் அலுவலகத்தில் காகிதத்தை ஒழித்தார்கள். அதற்காகப் பெரிய செலவு ஒன்றும் செய்யவில்லை. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற போன்களை மொத்தமாக வாங்கி, காசில்லாமல் கிடைக்கிற ஒரு செயலியை அதில் ஏற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். குறை சொல்ல முடியாது, நல்ல ஏற்பாடுதான். முன்பெல்லாம் படிவங்களை மூட்டை கட்டி அனுப்பி, யாரோ தட்டச்சு செய்து, கணக்கு வெளியே வருவதற்குள் அடுத்த அறுவடையே முடிந்திருக்கும். இப்போது அனுப்பு என்று அழுத்தினால் போதும். எருமை முன்னூறு மூட்டை நெல் போட்டது என்று தவறிப்போய் அழுத்தினால், அங்கேயே சிவப்பெழுத்தில் அதட்டும். பேட்டரியும் இரண்டு நாள் தாங்கியது.

ஒரே ஒரு கோளாறு. மலிவு போன் வெயிலில் குருடு. பயிற்சி கொடுத்தது ஜன்னலுக்குத் திரை போட்ட கூடத்தில். அங்கே பளிச்சென்று தெரிந்தது. வயலில் நின்று பார்த்தால் திரையில் கேள்வி தெரியவில்லை, பார்க்கிறவள் முகம்தான் தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பயிற்சிக்கூடங்களுக்கென்றே சொன்னதாக இருக்கும்.

கணக்கக்கா முதலில் விதிப்படிதான் செய்தாள். "வீட்டு வாசலிலேயே படிவத்தைத் திற. ஒவ்வொரு கேள்வியாகப் படி. பதிலை அப்போதே அழுத்து." பக்கத்து ஊரில் இரண்டு வீட்டில் அப்படிச் செய்து பார்த்தாள். போனை எடுத்ததும் ஒரு வீட்டில் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள்; படம் பிடிக்கிறாளாம். இன்னொரு வீட்டில் ஒருவர் கேள்விக்குக் கேள்வி "இல்லை" என்றார். தொழுவத்தில் மாடு கத்திக்கொண்டிருக்கும்போதே மாடு இல்லை என்றார். அவள் திரையை நிழலுக்குத் திருப்பிக் குனிந்து குனிந்து படிக்க, அவர்கள் அவள் உச்சந்தலையிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உச்சந்தலையிடம் யார் உண்மை சொல்வார்கள்?

அடுத்த ஊரில் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். பழையபடி உட்கார்ந்தாள், உரித்தாள், கேட்டாள். இரண்டு மூன்று வீடு முடிந்ததும் நிழற்குடைக்கு வந்து, திரை நன்றாகத் தெரிகிற மூலையில் உட்கார்ந்து, தட்டித் தட்டி அனுப்பினாள். பதினெட்டு வீட்டையும் அப்படித்தான் முடித்தாள். அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

அலுவலகத்தில் கணினி பார்ப்பவர் ஒருவர் இருந்தார். வாய்த் துடுக்கு அதிகம், மனசு கெட்டதல்ல. திங்கட்கிழமை காலை கணக்கக்கா உள்ளே நுழைந்ததும் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க வாங்க. உங்க ஊரப் பாருங்க."

திரையில் ஒரு வரைபடம். சாலை, கால்வாய், வீடுகள். வீடுகளின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. சாலையோரத்தில் ஒரே இடத்தில் புள்ளிமேல் புள்ளியாக ஈ மொய்த்தமாதிரி அப்பிக் கிடந்தது.

"பதினெட்டுக் குடும்பம், இருபத்தாறு மாடு, கோழி தனி. எல்லாம் பஸ் நிழற்குடைக்குள்ள. மழை வந்தா எருமையெல்லாம் எங்கக்கா நிக்கும்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கணக்கக்காவும் சிரித்தாள். படிவத்தைத் திறக்கிற இடத்தைப் போன் தானாகக் குறித்துக்கொள்ளும் என்று பயிற்சியில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அடுத்த வரிசையைக் காட்டினார். ஒரு வீட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். நாற்பது கேள்வியை மூன்று நிமிடத்தில் யாரும் கேட்டு முடிக்க முடியாது. நிழற்குடையில் உட்கார்ந்து, கற்பனையில் மாடு மேய்த்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"பெரியம்மா பாத்தாச்சு" என்றார் அவர், இப்போது சிரிக்காமல்.

பெரியம்மா என்பது மேற்பார்வையாளர். வெளியூர்களில் அவருக்குச் சரிபார்ப்பம்மா என்று பெயர். ஓய்வுக்கு நெருங்கியவர், முழங்காலில் வலி. டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கணக்கை எழுதினவர்களையும், போன வருடக் கணக்கில் ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்து இந்த வருடக் கணக்காக்கினவர்களையும் கையும் களவுமாகப் பிடித்தவர். யார் எதைச் சொன்னாலும் நேரில் போய்ப் பார்க்காமல் நம்பமாட்டார். தன் வீட்டில் பால் பொங்கிவிட்டது என்று மகள் சொன்னாலும் எழுந்து போய்ப் பார்ப்பவர் என்று அலுவலகத்தில் பேச்சு.

"உக்காரு" என்றார். "நீ அந்த ஊருக்குப் போனியா?"

"போனேங்க மேடம். எல்லா வீட்டுக்கும் போனேன். வீட்டுல பேசிட்டு, அங்க வந்து போட்டேன்."

"ஏன்?"

வெயிலையும் உச்சந்தலையையும் சொன்னாள். சரிபார்ப்பம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இருக்கலாம். ஆனா டீக்கடைல உக்காந்து எழுதினவனும் இதேதான் சொன்னான். நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். பதினெட்டுல மூணு வீட்ட போனே பொறுக்கும். நான் கேப்பேன். நீ வாயத் திறக்கக் கூடாது. ஒரு வீடு ஒத்துப்போகலேன்னா மனுஷத் தப்புன்னு விடலாம். ரெண்டு வீடு போச்சுன்னா பதினெட்டையும் குப்பைல போடணும். அடுத்த பட்டியல்ல உன் பேரு இருக்காது. பொய்க்கணக்குன்னு ஒரு தடவ எழுதிட்டா வேற ஆபீஸ்லயும் எடுக்க மாட்டாங்க. நான் ஒளிச்சுப் பேசல, புரியுதா?"

"புரியுதுங்க."

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று அன்று இரவு புருஷனிடம் சொன்னாள். அவர் "ஆமா, ஆமா" என்றார். ஆனாலும் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை மாமியார் கவனித்தாள். "சாப்புடுடி. மாடு அங்கதான் இருக்கும், எங்கயும் போகாது" என்றாள். அந்த வீட்டில் ஆறுதல் என்பது அந்த அளவில்தான் கிடைக்கும்.

மறுநாள் போன் பொறுக்கிய முதல் வீடு ஆட்டுக்காரருடையது. தனிக்கட்டை; ஆட்டோடு பேசிப் பேசி, மனிதர் கிடைத்தால் விடமாட்டார். சரிபார்ப்பம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். கணக்கக்கா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சும்மா இருக்கிற கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆடு எத்தனை?"

"அன்னிக்கு இந்த அக்காகிட்ட பன்னெண்டுன்னு சொன்னேன். இன்னிக்குப் பதிமூணு. நேத்துதான் ஒண்ணு குட்டி போட்டுச்சு. அதையும் போட்டுக்குங்க. ஆமா, இவங்க கேட்டதையே ஏன் நீங்க திரும்பக் கேக்கறீங்க?"

"இவங்க எழுதினது சரியான்னு பாக்கறோம்."

"சரியில்லேன்னா?"

சரிபார்ப்பம்மா அடுத்த கேள்விக்குப் போனார். ஆட்டுக்காரருக்கு அதுவே போதும். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போவதற்குள், கணக்கக்காவின் வேலை ஊசலாடுகிறது என்ற செய்தி ஆடுகளோடு சேர்ந்து ஊர் முழுக்க மேய்ந்துவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

இரண்டாவது வீட்டில்தான் இடி விழுந்தது. ஒரே கூரையின்கீழ் நடுவில் சுவர் வைத்து அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கிற வீடு. ஓரகத்திகள் இருவரும் ஒன்றாகத்தான் அவரைக்காய் உரித்தார்கள், ஒன்றாகத்தான் பேசினார்கள், கணக்கக்காவும் இருவரோடும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். போனில் அண்ணன் வீட்டுக்கு மூன்று மாடு, கிணறு இல்லை என்று இருந்தது. சரிபார்ப்பம்மா கேட்டபோது மூத்தவள் சிரித்தாள்.

"மாடு அவங்களோடதுங்க. எங்களுக்குக் கிணறுதான். கிணறு இங்க, மாடு அங்க. அதனாலதான் சண்டை போட முடியாம ஒத்துமையா இருக்கோம்."

கணக்கக்காவுக்குப் புரிந்துவிட்டது. நிழற்குடையில் உட்கார்ந்து போட்டபோது அண்ணன் கணக்கைத் தம்பிக்கும் தம்பி கணக்கை அண்ணனுக்கும் மாற்றிப் போட்டிருக்கிறாள். சுத்தமான தப்பு. அந்த வீட்டுக்குள்ளேயே படிவத்தைத் திறந்திருந்தால் வந்திருக்காது. விதியை எழுதினவர்கள் முட்டாள்கள் அல்ல என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது, ரொம்பத் தாமதமாக.

"மாத்திப் போட்டுட்டேங்க" என்றாள் தெருவுக்கு வந்ததும்.

"தெரியுது" என்றார் சரிபார்ப்பம்மா. "இன்னும் ஒண்ணு இருக்கு."

மூன்றாவது, கால்வாய்க்கரையில் இருந்த கடைசி வீடு. அதைக் கேட்டதும் கணக்கக்கா நடையைக் குறைத்தாள். காரணம் இருந்தது.

கடைசி வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அதுதான் பிரச்சினை. யார் வந்து எதைக் கேட்டாலும் "இந்தா, வச்சுக்க" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். ஊரில் அவருக்குப் பெயரே "இந்தாவச்சுக்க". விதைக்கு வைத்திருந்ததைக் கொடுப்பார், பம்பு மோட்டாரைக் கழற்றிக் கொடுப்பார். வீட்டில் பெண்டாட்டி உலையை ஏற்றிவிட்டு அரிசிப் பானையைத் திறந்தால் அதுவும் யாருக்கோ போயிருக்கும். அதனால் கடைசி வீட்டுக்காரி அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்து வந்தாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம், வேறொருவரின் நிலத்தில் ஒரு துண்டைப் பங்குக்கு எடுத்து மிளகாய் போட்டிருந்தாள். புல்லறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். மேலே புல்லும் உள்ளே மிளகாயுமாகக் கட்டு வரும். அந்த வீட்டில் யாருக்கும் தூக்கிக் கொடுக்கப்படாத ஒரே பொருள் அதுதான்.

முதல் தடவை கணக்கக்கா வந்தபோது கொல்லைப்புறத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டே அவளிடம் இதைச் சொன்னாள். சொன்னபின் கை நின்றுவிட்டது.

"அக்கா, இத எழுதுவியா?"

"எழுதுவேன். எழுதத்தான வந்திருக்கேன். ஆனா உன் பேரு வெளிய போகாது. எல்லா வீட்டையும் கூட்டி ஒத்த எண்ணாத்தான் போகும். இங்க யாருக்கும் தெரியாது. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று சொல்லச்சொல்லி அலுவலகத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. அது அவளாகச் சொன்னது.

இப்போது இந்தாவச்சுக்க வாசலிலேயே நின்று வரவேற்றார். நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்தார், முழங்கால் வலியைப் பார்த்துவிட்டு, "எண்ணெய் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். பெண்டாட்டி கதவை ஒட்டி நின்றாள். கேள்விகளுக்கு அவரே பதில் சொன்னார். சோளம் சரி, மாடு சரி, கோழி சரி. எல்லாம் போனில் இருந்ததோடு ஒத்துப்போனது.

"வேற நிலம், குத்தகை, பங்குக்கு எடுத்தது எதுவும் உண்டா?"

"ஒண்ணும் கிடையாதுங்க."

சரிபார்ப்பம்மா போனை வெயில் படாமல் சாய்த்துப் பார்த்தார். கண்களைச் சுருக்கினார். மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் அவருக்கும் இது சரியாகிவிட வேண்டும் என்று இருந்திருக்கும், வாய் முந்திக்கொண்டது.

"அப்போ மிளகாய்?"

"மிளகாயா?" இந்தாவச்சுக்க சிரித்தார். "எங்க வீட்டுல யாருங்க மிளகாய் போட்டா? ஏய், நம்ம மிளகாய் போட்டிருக்கோமா?"

கதவோரம் நின்றவள் கணக்கக்காவைப் பார்த்தாள். பார்வை ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்து, "இல்லையே" என்றாள்.

வாயைத் திறக்கக்கூடாது என்ற உத்தரவை இதுவரை காப்பாற்றியிருந்தாள் கணக்கக்கா. இப்போது திறந்தாள்.

"என் தப்புங்க மேடம். வேற வீட்டோடது. முன்னாடி மாத்திப் போட்ட மாதிரி இங்கயும் மாத்திப் போட்டுட்டேன்."

"ஐயோ பாவம், விடுங்க. பதினெட்டு வீடு, யாருக்குத்தான் தலை சுத்தாது" என்றார் இந்தாவச்சுக்க, அவளுக்காக மனமிரங்கி. நல்ல மனிதர், சொன்னேனே.

நிழற்குடைக்கு இருவரும் நடந்து வந்தார்கள். சரிபார்ப்பம்மா முழங்காலை நீட்டி உட்கார்ந்தார். கணக்கக்கா தன் வழக்கமான மூலையில் உட்காரக் கூசி நின்றுகொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். இவர் அலுவலகத்து ஆள். ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டவர். ஆனால் சொன்னால் இவர் நம்பமாட்டார். நேரில் பார்க்கவேண்டும் என்பார். திரும்ப அதே வீட்டுக்குப் போய், கதவோரம் நிற்பவளைத் தனியாகக் கூப்பிடுவார். பிறகு என்ன ரகசியம்? ஊரே எட்டிப் பார்க்கும்.

சரிபார்ப்பம்மா போனில் எதையோ தேடினார். இங்கே நிழல், திரை தெளிவாகத் தெரிந்தது.

"மாத்திப் போட்டேன்னு சொன்னே இல்ல?"

"ஆமாங்க."

"பதினெட்டு வீட்டையும் பாத்துட்டேன். வேற எந்த வீட்டுலயும் மிளகாயே இல்ல. அப்போ இந்த மிளகாய் எந்த வீட்டுலேருந்து மாறி வந்துச்சு?"

கணக்கக்கா வசமாக மாட்டிக்கொண்டாள். தப்பு என்று ஒப்புக்கொண்டதே இப்போது பொய்யாகப் போய்விட்டது. இல்லாத மிளகாயைத் தானே விளைவித்தவள் ஆகிவிட்டாள். பொய்க்கணக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

"சொல்லு."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"வேலை போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

வேலையைவிட, இனி யார் வீட்டிலும் போய் உட்கார முடியாதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாளைக்கு ஊரில் அவரைக்காய் உரிக்கிற நேரத்தில் அவள் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். சரிபார்ப்பம்மாவுக்கும் சந்தோஷம் இல்லை. வேலையைப் பறிப்பதில் அவருக்கு எப்போதும் ருசி இருந்ததில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு புல்லுக்கட்டு வந்தது. கால்வாய்க்கரையிலிருந்து வேகவேகமாக வந்து, நிழற்குடைக்குள் நுழைந்து, தொப்பென்று இறங்கியது. கீழே கடைசி வீட்டுக்காரி. மூச்சு வாங்கினாள்.

"அக்காவுக்கு வேலை போயிடும்னு ஆட்டுக்காரர் சொன்னாரு" என்றாள். கணக்கக்காவைப் பார்க்கவில்லை, சரிபார்ப்பம்மாவிடம் நேராகப் பேசினாள். "அந்த மிளகாய் என்னோடதுங்க. நான்தான் போட்டேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவரு கேக்கறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துடுவாரு. அதனாலதான் இல்லேன்னு சொன்னேன்."

கட்டை அவிழ்த்தாள். புல்லை விலக்கினாள். உள்ளே ஒரு துணி மூட்டையில் பச்சையும் சிவப்புமாக மிளகாய். காரம் நிழற்குடை முழுக்க ஏறியது.

"எழுதிக்குங்க. என்ன கேக்கணுமோ இங்கயே கேளுங்க. வீட்டுக்கு மட்டும் வந்து கேக்காதீங்க."

சரிபார்ப்பம்மா ஒரு மிளகாயை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்தார். சரிபார்க்காமல் விடுவாரா? தும்மினார். பிறகு கணக்கக்காவை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"நான் பொறுப்புன்னு சொல்லியிருந்தேங்க" என்றாள் கணக்கக்கா.

அப்போது பஸ் வந்து நின்றது. நடத்துனர் தலையை வெளியே நீட்டினார். சரிபார்ப்பம்மா போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, போனை எடுத்துப் புதுப் படிவத்தைத் திறந்தார். படிவம் திறந்ததும் கணக்கக்கா நிழற்குடையை விட்டு வெளியே போனாள். அடுத்தவள் பதில் சொல்லும்போது மூன்றாவது ஆள் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது விதி. இந்த ஒரு விதியை அவள் எந்தக் காலத்திலும் மீறியதில்லை. வெயிலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்க்கவில்லை. அழுதாள்.

பின்னால் பேச்சு முதலில் கேள்வியும் பதிலுமாகத் துண்டு துண்டாகக் கேட்டது. அப்புறம் என்ன ஆயிற்றோ, கேள்வி நின்று பேச்சாகிவிட்டது. யாரோ சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சரிபார்ப்பம்மா போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு, மிளகாய்க் காம்புகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வீட்டுக்காரி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றில் ஒரு வீடுதான் தப்பு என்று ஆயிற்று. பதினெட்டு வீட்டுக் கணக்கும் நின்றது. பட்டியலில் பெயரும் நின்றது. ஆனால் ஓரகத்திகள் வீட்டைக் குழப்பியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், அது நியாயம்தான். இனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் படிவத்தைத் திறந்து இடத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அந்த வீட்டை விட்டு வெளியே வருமுன் முடிக்கவேண்டும் என்று உத்தரவு. கணக்கெடுக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு கறுப்புக் குடையும் வந்தது. அலுவலகம் வாங்கிய கருவிகளிலேயே விலை குறைந்ததும் உருப்படியானதும் அதுதான் என்று கணக்கக்கா சொல்வாள்.

அடுத்த வாரம் கணினி பார்ப்பவர் வரைபடத்தைத் திறந்தவர், நாற்காலியோடு திரும்பினார்.

"பெரியம்மா, அந்த நிழற்குடைல பத்தொன்பதாவதா ஒரு குடும்பம் குடியேறியிருக்கு. கடைசி வீடு, மிளகாய். இது அக்கா போன் இல்ல, உங்க போன். அழிச்சிடட்டுமா?"

கணக்கக்கா குடையை மடக்கியபடி அசையாமல் நின்றாள்.

"அழிக்காதே" என்றார் சரிபார்ப்பம்மா, எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலையை எடுக்காமல். "நான்தான் குடிவச்சேன். அங்கயே இருக்கட்டும்."